கையில் காப்பு, பையில் கயிறு

என் தங்கை செல்வி என்னைத் திருச்சிக்குக் கூப்பிட்டது பாசத்தால் அல்ல. "உன் வாய்க்காகத்தான் அண்ணே கூப்பிடறேன்" என்று போனிலேயே சொல்லிவிட்டாள். அவள் கணவர் குமரேசன் நல்ல வேலையை விட்டுவிட்டு, வீட்டில் உட்கார்ந்து கயிற்றில் கைப்பட்டை பின்னிக்கொண்டிருக்கிறார். யார் சொல்லியும் கேட்பதாக இல்லை. பழைய இடத்தில் திங்கட்கிழமை காலை வரை பார்ப்பார்களாம். அதற்குள் வருகிறேன் என்று சொல்லாவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள். "நீ எதைப் பார்த்தாலும் நொட்டை சொல்லுவியே, அதே மாதிரி வந்து இதையும் சொல்லு. நாலு நாள் உன்கூட இருந்தா அவருக்கே வெறுத்துப்போயிடும்."

என் கெட்ட குணத்தை நம்பி ஒருவர் என்னை வெளிநாட்டுக்கு அழைத்தது இதுவே முதல் தடவை. மலேசியாவில், கிள்ளானில் இருக்கும் என் டயர் கடையை மனைவியிடம் ஒப்படைத்தேன். அவள் பெட்டியை எனக்கு முன்னால் கட்டி வைத்திருந்தாள்.

விமானம் தரையைத் தொட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே பாதிப் பேர் எழுந்து நின்றுவிட்டார்கள். எனக்குப் பின்னால் இருந்த மலாய்க்கார அம்மாள் தன் மகளிடம் மலாயில் கேட்டார்: "எல்லாரும் ஏன் நிற்கிறார்கள், வண்டி இன்னும் ஓடுகிறதே?" மகள் சொன்னாள்: "முதலில் நிற்பவருக்குத்தான் ஊரைக் கொடுப்பார்கள் போலிருக்கிறது." நம்மவர்களைப் பற்றி இப்படிப் பேசுகிறார்களே என்று கோபம் வந்தது. நானும் நின்றுகொண்டுதான் இருந்தேன்.

குமரேசன் வாசலில் காத்திருந்தார். கையை உயர்த்தி ஆட்டினார். மணிக்கட்டில் மஞ்சளும் சிவப்புமாக விரல் தடிமனில் ஒரு பட்டை. "வாங்க மச்சான். பிரயாணம் சௌகரியமா? இதப் பாருங்க, இதை அவுத்தா ஒரு ஆளையே தொங்கவிடலாம்." யாரைத் தொங்கவிடப் போகிறோம் என்று கேட்டேன். "சந்தர்ப்பம் வரும்ல" என்றார்.

விஷயத்தைத் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். பாராசூட்டில் கட்டுகிற கயிறு ஒன்று உண்டு. மெல்லியது, ஆனால் முரட்டுத்தனமான பலம். அதை ஆளுயரத்துக்கு மேல் எடுத்து, முடிச்சு முடிச்சாகப் பின்னிக் கைப்பட்டையாகப் போட்டுக்கொள்வார்கள். காட்டில், மலையில் மாட்டிக்கொண்டால் பட்டையை அவிழ்த்துக் கயிறாக்கிக்கொள்ளலாம். கூடாரம் கட்டலாம், உடைந்த காலுக்குக் கட்டுப் போடலாம். நான் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் ஊர்ப் பக்கத்து மலைகளில் ஏறுகிற கூட்டத்தில் ஒருவன். அந்தக் கூட்டத்தில் பாதிக் கைகளில் இது இருக்கும். இத்தனை வருஷத்தில் ஒருவர்கூட அதை அவிழ்த்து நான் பார்த்ததில்லை. உச்சியில் போட்டோ எடுக்கும்போது கை நன்றாகத் தெரிகிற மாதிரி நிற்பார்கள்.

அதையாவது மலையில் போடுகிறார்கள். குமரேசன் குடியிருப்பது தில்லை நகரில். ஒரு தெருவில் ஆஸ்பத்திரி, மருந்துக் கடை, பிரியாணிக் கடை, மறுபடி ஆஸ்பத்திரி. சாப்பிட்டு விழுகிறவனைத் தூக்கிக்கொண்டுபோக எதிர்வரிசையிலேயே ஏற்பாடு. இங்கே உயிர் பிழைக்கக் கயிறு எதற்கு? ரோட்டைக் கடக்கும்போது டூவீலர்காரர்களுக்குத் தூக்கிக் காட்டலாம், அவ்வளவுதான். அதையும் அவர்கள் பார்க்கப் போவதில்லை.

முதல் நாள் ராத்திரிச் சாப்பாட்டிலேயே வேலையைத் தொடங்கிவிட்டேன். செல்வி நெய் தோசையைப் போட்டுவிட்டு, ஆரம்பி என்பதுபோல் கண்ணைக் காட்டினாள். பட்டையைக் கையில் வாங்கிப் பார்த்தேன். வளையலும் இல்லை, கயிறும் இல்லை, கல்யாண வீட்டில் தோரணம் மிச்சமானால் இப்படித்தான் சுற்றி வைப்பார்கள் என்றேன். செல்வி முகத்தில் திருப்தி. குமரேசன் தோசையை விட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"கலர் சரியில்லைங்கறீங்க. மேஜரா, மைனரா?"

"என்னது?"

"டிஃபெக்ட் மச்சான். மேஜர்னா உடனே மாத்தணும். மைனர்னா பாத்துக்கலாம்."

அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. இந்த மனிதர் ஊருக்குக் கிழக்கே ஒரு ஃபேப்ரிகேஷன் ஷெட்டில் வருஷக்கணக்காகத் தரம் பார்க்கிற வேலையில் இருந்தவர். பாய்லருக்குப் போகிற குழாய்களில் வெல்டிங் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவது அவர் பொறுப்பு. குறை சொன்னால் மனம் நொந்துபோகிற பழக்கமே அவருக்கு இல்லை. குறை அவருக்குச் சாப்பாடு. என் தங்கை பசித்தவனை விரட்டுவதற்குப் பந்தி போடச் சொல்லி என்னை அழைத்திருக்கிறாள்.

மறுநாள் காலை வீட்டுக் கூடத்தைப் பார்த்தேன். சோபா சுவரோரம் தள்ளப்பட்டு, நடுவில் ஒரு பலகை. பலகையின் இரண்டு பக்கமும் ஆணிகள். பட்டையைக் கையில் பூட்டுகிற கிளிப்பின் ஒரு பாதியை இந்த ஆணியிலும் மறு பாதியை அந்த ஆணியிலும் மாட்டி, நடுவில் கயிற்றை ஓட்டி, அதன் மேல் பின்னிக்கொண்டு போகிறார். இடது கயிற்றை மடித்து மேலே வைத்து, வலது கயிற்றை அடியில் கொண்டுபோய் அந்த வளையத்துக்குள் விட்டு இழுக்க வேண்டும். அடுத்த முடிச்சுக்குப் பக்கம் மாற வேண்டும். மாற மறந்தால் பட்டை முறுக்கிக்கொண்டுவிடும். கடைசியில் மிச்சத்தை வெட்டி, லைட்டரால் உருக்கி, கத்தியின் முதுகால் அழுத்திவிடுகிறார். வேலை சுத்தம்தான். அதை நான் சொல்லவில்லை.

கிளிப்பில் ஒரு விசிலும், தீப்பொறி எழுப்ப ஒரு இரும்புத் துண்டும், திசை காட்டும் ஊசியும் இருந்தன. முடித்து வைத்திருந்த பட்டைகளை வரிசையாக மேஜை மேல் பரப்பினேன். ஒவ்வொரு ஊசியும் ஒரு வடக்கைக் காட்டியது. ஒன்று சமையலறையைக் காட்டியது. இரும்பையும் காந்த ஊசியையும் ஒரே இடத்தில் வைத்தால் வேறென்ன ஆகும்? "மாப்பிள்ளை, இதை நம்பி ஒருத்தன் காட்டில் நடந்தால், மாட்டிக்கொள்வதற்கே இதுதான் காரணமாக இருக்கும்."

"மேஜர்" என்றார் உற்சாகமாக. ஒரு மணி நேரத்தில் எல்லா ஊசிகளும் குப்பைக் கூடையில் இருந்தன.

ஒரு பட்டையின் கயிற்றை வெட்டிப் பார்த்தேன். நல்ல கயிற்றில் மேலுறைக்குள் ஏழு இழைகள் தனியாக இருக்கும். உருவி எடுத்தால் தைக்கலாம், மீன் பிடிக்கலாம். இதற்குள் ஒன்றுமில்லை. துணி காயப்போடுகிற கொடிக்கயிறு. அசல் கயிறு ஒரு சுருள் பீரோவில் பத்திரமாக இருந்தது. ஏன் அதில் பின்னவில்லை என்றேன். "தீந்துபோயிடுமேன்னு வெச்சிருக்கேன்" என்றார்.

அந்த மாதிரிக் கயிறு உள்ளூரில் கிடைக்குமா என்று பார்க்கக் காந்தி மார்க்கெட்டுக்கு அழைத்துக்கொண்டு போனார். மூட்டை தூக்குகிறவர்கள் "ஓரம், ஓரம்" என்று சத்தம் போட்டுக்கொண்டே நம் முதுகின் மேல் வருகிறார்கள். நகர்ந்தால் முட்டைக்கோஸ் மேல்தான் நகர வேண்டும். எங்கள் ஊர் மார்க்கெட்டும் ஈரம்தான், நாற்றம்தான். ஆனால் அங்கே தரை என்று ஒன்று கண்ணுக்குத் தெரியும். ஒரு சந்தில் கயிற்றுக் கடை. கடைக்காரர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, "கொடிக்கா, கெணத்துக்கா, மாட்டுக்கா?" என்று கேட்டார்.

"உயிரைக் காப்பாத்த" என்றார் குமரேசன்.

"அது நம்மகிட்ட இல்லீங்களே."

அவர் சிரிக்காமல் சொன்னார். மாட்டுக் கயிறு வாங்க வந்த ஒரு பெரியவர்தான் சிரித்தார். குமரேசனும் கூடச் சேர்ந்து சிரித்தார். இந்த மனிதரை வெறுக்க வைப்பது எப்படி என்று எனக்குப் புரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் இன்னொன்று கண்டுபிடித்தேன். பட்டையை அவிழ்க்கவே முடியவில்லை. நகத்தால் முடியவில்லை, பல்லால் முடியவில்லை. முனையை உருக்கி ஒட்டியது போதாதென்று, முடிச்சுக்குள் பசையையும் விட்டிருக்கிறார். ஏன்? முதலில் வாங்கியவர்கள் சிலர் முனை லேசாகப் பிரிந்தது என்று திருப்பிக்கொண்டு வந்துவிட்டார்களாம். கையில் கட்டியது தானாக அவிழ்ந்தால் அபசகுனமாம். "அவிழ்வதற்காகவே பின்னுகிற சாமான் இது. பசை போட்ட பிறகு இதற்குப் பெயர் விலங்கு" என்றேன். மேஜர். பசைப் புட்டி தூர எறியப்பட்டது. அசல் சுருளும் பீரோவை விட்டு வெளியே வந்தது. செல்வி சமையலறையிலிருந்து என்னைப் பார்த்த பார்வை அவ்வளவு நன்றாக இல்லை.

வெள்ளிக்கிழமை ஸ்ரீரங்கம். அங்கே உத்திர வீதியில் வைதேகி மாமி என்று ஒருவர் பத்ரிநாத் யாத்திரைக்கு ஆட்களைச் சேர்த்துக்கொண்டு போகிறவர். மலைப் பாதை, மண் சரிவு என்று பேப்பரில் படித்துப் பயந்துபோய், குழுவில் இருக்கிற எல்லாருக்கும் இந்தப் பட்டையைப் பின்னக் கற்றுக்கொடுக்கும்படி குமரேசனைக் கேட்டிருந்தார். மாமிகளும் இரண்டு மூன்று மாமாக்களும் கூடத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்து, கால் கட்டை விரலில் கிளிப்பை மாட்டிக்கொண்டு பின்னினார்கள். ஆணிப் பலகை தேவைப்படவில்லை. பூ தொடுத்த விரல்கள், ஒரு தடவை காட்டியதும் பிடித்துக்கொண்டன. மாமாக்களுடையது மட்டும் முறுக்கிக்கொண்டது.

நடுவில் புளியோதரையும் திருக்கண்ணமுதும் வந்தன. பாயசம் என்று சொல்லிவிட்டேன், மாமி திருத்தினார். எந்தப் பெயரில் கொடுத்தாலும் இரண்டாவது டம்ளர் கேட்கிற சுவை. குறை சொல்ல வழியில்லாமல் டம்ளர் சின்னது என்றேன்.

பின்னி முடித்ததும் யாரும் கையில் போட்டுக்கொள்ளவில்லை. எல்லாப் பட்டைகளையும் ஒரு வெள்ளித் தட்டில் அடுக்கினார்கள். தாயார் சன்னதிக்குக் கொண்டுபோய் வைத்து, சேவித்துவிட்டு வந்துதான் கட்டிக்கொள்ள வேண்டுமாம். தட்டின் பின்னால் நாங்களும் போனோம். வாசலில் தெலுங்கு பேசுகிற யாத்ரீகர் கூட்டம் ஒன்று. அதில் ஒரு பெண்மணி தட்டை எட்டிப் பார்த்துப் பக்கத்திலிருந்தவரிடம் தெலுங்கில் சொன்னது எனக்கே புரிந்தது: "இந்தக் கோயிலில் கிளிப் வைத்த காப்பு தருகிறார்கள். எங்கே கிடைக்கும் என்று கேள்." அவர் வந்து கேட்கவும் கேட்டார். குமரேசன் அவருக்குப் போன் நம்பர் கொடுத்தார்.

சனிக்கிழமை மாமி குழுவுக்கு ஒத்திகை. லால்குடி தாண்டி அன்பில் பெருமாளைச் சேவித்துவிட்டு வருவதாகத் திட்டம். பத்ரிக்கு ஒத்திகை அன்பில். "மலை இல்லையே" என்றேன். "பசி, தாகம், வேன்ல நெருக்கிண்டு உக்கார்றது, எல்லாம் இருக்கே" என்றார் மாமி. எங்களையும் ஏற்றிக்கொண்டார்கள். எல்லார் கையிலும் பட்டை. தாயார் குங்குமம் வேறு.

லால்குடியைத் தாண்டி, இரண்டு பக்கமும் வயல் வந்த இடத்தில், வேனின் பின்கதவுக் கொக்கி கழன்று விழுந்தது. கதவு ஆவென்று திறந்துகொண்டது. தயிர்சாதத் தூக்கு சரிந்து ரோட்டைப் பார்த்தது. ஒரு மாமா பாய்ந்து பிடித்தார். வேன் நின்றது. கதவை எதிலாவது கட்டினால் போதும், வண்டி ஓடும். டிரைவர் கேட்டார்: "கயிறு ஏதாச்சும் இருக்குங்களா?"

இந்தக் கேள்வி கேட்கப்படுவதற்காகவே படைக்கப்பட்ட சாமான் எல்லா மணிக்கட்டுகளிலும் இருந்தது.  எல்லாரும் தங்கள் கையைப் பார்த்தார்கள், பிறகு வயலைப் பார்த்தார்கள்.

"மாமி, ஒண்ணே ஒண்ணு குடுத்தா போதும். திரும்பிப் போனதும் புதுசு பின்னிக்கலாம்" என்றார் குமரேசன்.

"நன்னாருக்கே. தாயார் திருவடியில வெச்சுக் கட்டிண்டது. யாத்திரை நல்லபடியா முடிஞ்சு, திரும்பி வந்து அவளைச் சேவிச்சப்புறம்தான் அவுக்கலாம். நடுவுல தொடப்படாது."

"அப்படியானால் ஆபத்தெல்லாம் தீர்ந்த பிறகுதான் ஆபத்துக் கயிற்றை அவிழ்ப்பீர்களா?" என்று கேட்டேன்.

"அவுக்காம இருந்தாத்தானே ஆபத்து வராது" என்றார் மாமி. வேன் முழுவதும் தலையாட்டியது.

குமரேசன் தன் கைப்பட்டையை இழுத்தார். அது பழைய சரக்கு, பசை போட்டது. நகம் உடைந்ததுதான் மிச்சம். டிரைவர் பல்லால் கடித்துப் பார்த்துவிட்டுத் துப்பினார். வேனில் கத்தியும் இல்லை. கடைசியில் எல்லார் கண்ணும் என் இடுப்பின் மேல் வந்து நின்றது. கதவு என் பெல்ட்டால் கட்டப்பட்டது. அன்பில் பெருமாளை நான் இரண்டு கையையும் கூப்பாமல், ஒரு கையால் பேன்ட்டைப் பிடித்துக்கொண்டுதான் சேவித்தேன். பிரகாரம் சுற்றும்போது மாமி ஒருவர் என்னைப் பார்த்து, "இவருக்கும் ஒரு பட்டை குடுங்கோ, இடுப்பில கட்டிப்பர்" என்றார்.

திரும்பி வந்ததும் குமரேசனும் நானும் பைக்கில் காவிரிப் பாலம் தாண்டி ஒரு டீக்கடையில் நின்றோம். எங்கள் ஊரில் நுரை பொங்க இழுத்து ஆற்றித் தருகிற தே தாரிக்கைக் குடித்தவனுக்கு இங்கே டீ என்ற பெயரில் தருவது வெந்நீருக்கு வந்த கோபம். ஆனால் எனக்கு அப்போது கோபம் வேறு இடத்தில். "மாப்பிள்ளை, பார்த்தீர்களா? ஒன்று, அவிழாது. அவிழ்ந்தால், அவிழ்க்க மாட்டார்கள்."

"அதைத்தான் மச்சான் யோசிச்சுட்டு வந்தேன். கையில ஒண்ணு, பையில ஒண்ணு. கையில இருக்கறது காப்பு, அதைத் தொட வேணாம். பையில இருக்கறது கயிறு. ஜோடியாக் குடுத்துடலாம்."

"பையில் கயிறு வைத்துக்கொள்வதற்குப் பெயர் பையில் கயிறு வைத்துக்கொள்வது. அதற்கு எதற்கு நீங்கள்?" என் பொறுமை போய்விட்டது. வந்த வேலையை நேராகவே சொன்னேன். இது உருப்படாது. செல்வி ஒரு கிளினிக்கில் வேலை பார்த்துச் சம்பாதிப்பதில்தான் வீடு ஓடுகிறது. திங்கட்கிழமை ஷெட்டுக்குப் போய்ச் சேருங்கள்.

"இது மேஜர்" என்றார். இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை. கிளாஸைச் சுற்றிக்கொண்டே சொன்னார். "வெல்டுல விரிசல் மச்சான். ரிஜெக்ட்னு எழுதினேன். அது மேல பெயின்ட் அடிச்சுட்டு வந்து கையெழுத்துப் போடுங்கன்னாங்க. என் கையெழுத்து இருந்தா வாங்கறவங்க திருப்பிப் பாக்க மாட்டாங்க, அதான். மாட்டேன்னுட்டு வந்துட்டேன். இப்பக் கூப்பிடறதும் அதுக்குத்தான். அடுத்த லாட் குழாய் ரெடியா இருக்காம்."

"ஒரு கையெழுத்துதானே" என்று என் வாய் தானாகச் சொன்னது.

"பாய்லர் மச்சான். பக்கத்துல ஒரு ஆள் நிப்பான்."

செல்வியிடம் சொன்னீர்களா என்று கேட்டேன். இல்லை, அவள் பயந்துபோவாள் என்றார். அதனால்தான் கயிற்றுப் பைத்தியம் என்று பெயர் வாங்கிக்கொண்டிருக்கிறார்.  டீ மோசம் என்று சொல்லி மிச்சத்தைக் கீழே ஊற்றினேன்.

ஞாயிற்றுக்கிழமை அவர் புதிய பின்னலில் இறங்கினார். ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் மொத்தமும் சடசடவென்று பிரிந்துவிடுகிற மாதிரி. நான் சமையலறைக்குப் போனேன். செல்வி மீன் கழுவிக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை வேலையை விட்டதற்குக் காரணம் கயிறு இல்லை, அதை அவரே உன்னிடம் சொல்வார், நீ கேள் என்று மெதுவாக ஆரம்பித்தேன்.

"தெரியும் அண்ணே" என்றாள் திரும்பாமல். "ஷெட்டுல வேலை பாக்கறவர் சம்சாரம் எங்க கிளினிக்குக்கு வரும். அப்பவே சொல்லிடுச்சு."

"தெரிந்துமா போகச் சொல்கிறாய்?"

"எல்லாரும்தான் போடறாங்க. இவரு போடலைன்னு அந்தக் குழாய் நின்னுடுச்சா? வேற ஒருத்தர் போட்டாரு, லாரியில ஏறிப் போயிடுச்சு. நின்னது நம்ம வீட்டுச் சம்பளம்தான்." மீனைத் திருப்பிப் போட்டாள். "நல்லவரு தெரியும். நான் ஒண்ணும் அவரைக் குறை சொல்லல. எனக்கு முடியல அண்ணே, அவ்வளவுதான்."

டயர் கடையில் தினமும் நான் திட்டாத ஆள் கிடையாது. அவளைத் திட்ட எனக்கு ஒரு வார்த்தை கிடைக்கவில்லை. கோபமே வரவில்லை என்பதுதான் எனக்குப் பயமாக இருந்தது. கழுவிய மீனையே அவள் மறுபடி கழுவுவதைப் பார்த்துவிட்டுக் கூடத்துக்கு வந்துவிட்டேன்.

திங்கட்கிழமை காலை. பெட்டி கட்டியாகிவிட்டது. குமரேசன் குளித்து, ஷெட்டுக்குப் போட்டுப்போகிற நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார். கையில் புதுப் பட்டை. கறுப்பு நிறம், அசல் கயிறு. என் முன்னால் வைத்தார்.

"ராத்திரி யோசிச்சேன் மச்சான். நீங்க சொன்னதும் சரிதான். செல்வி ஒண்ணும் சொல்லாம இருக்கா, ஆனா முகம் தெரியுதுல்ல. அதனால ஒரு முடிவு. நீங்க எல்லாத்துலயும் குறை கண்டுபிடிக்கறவரு. இதுவும் ரிஜெக்ட்னா, கயிறை மூட்டை கட்டிட்டு இப்பவே ஷெட்டுக்குப் போன் போட்டு வரேன்னு சொல்லிடறேன். பாஸ்னா போகல. பாத்துச் சொல்லுங்க."

செல்வி கிளினிக்குக்குக் கிளம்பி, கைப்பையோடு வாசலில் நின்றாள்.

பட்டையை எடுத்துப் பார்த்தேன். அழகாகத்தான் இருந்தது. முனையை இழுத்தால் சங்கிலியாகப் பிரிகிறது. ஆனால் கிளிப்பை ஒட்டிய கடைசி முடிச்சில் கயிறு வளையத்துக்குள் போகவில்லை. வளையம் பிடிப்பில்லாமல் கிடந்தது. கையில் மாட்டி ஒரு இழு இழுத்தால் கிளிப் தனியாக வந்துவிடும். எனக்கு அது பளிச்சென்று தெரிந்தது. பெயின்ட் அடித்த விரிசலும் தெரிந்தது, அதன் பக்கத்தில் நிற்கப்போகிற ஆளும் தெரிந்தான்.

"நல்லா இருக்கு மாப்பிள்ளை" என்றேன். "பாஸ்."

செல்வி என்னைப் பார்த்தாள். அவள் காதுபட நான் பாராட்டிய ஒரு பொருள்கூட இந்த உலகத்தில் இல்லை.

குமரேசன் சந்தோஷப்படவில்லை. பட்டையை வாங்கி, வழக்கப்படி, முதல் முடிச்சிலிருந்து கட்டை விரலால் தடவிக்கொண்டே போனார். கிளிப்புக்கு வந்ததும் விரல் நின்றது. லேசாகத்தான் இழுத்தார். கிளிப் கையோடு வந்துவிட்டது.

"இது தெரியலையா மச்சான்?"

தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். "தெரிஞ்சுது" என்றேன்.

"பாத்துட்டா பாஸ் போட்டீங்க?"

அவர் குரலில் கோபம் இல்லை. ஷெட்டில் அவர் முன்னால் பேனாவை நீட்டியவர்களையும் அவர் இப்படித்தான் பார்த்திருப்பார். 

"ரிஜெக்ட்" என்று அவரே சொல்லிவிட்டுப் போனை எடுத்தார். செல்வி கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். எனக்கு அவர் கையைப் பிடித்துத் தடுக்க வேண்டும் போலிருந்தது.

"சார், குமரேசன். வரேன் சார். இன்னைக்கே வரேன். கிளம்பிட்டேன்." செல்வியின் தோள்கள் தளர்ந்தன. "ஒண்ணு மட்டும் சொல்லிடறேன் சார். நான் பாத்துச் சரியா இருந்தா கையெழுத்துப் போடுவேன். இல்லைன்னா மாட்டேன். அது பழையபடிதான்." அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேசினார்கள். இவர் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே கேட்டார். "சரிங்க சார். அப்ப வேற ஆளையே பாத்துக்கோங்க."

போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். 

"வரேன்னு சொன்னீங்களே. அதோட போனை வெச்சிருக்கலாம்ல" என்றாள் செல்வி.  அவள் செருப்பை மாட்டிக்கொண்டு படி இறங்கினாள். என்னிடம் போய் வா என்றுகூடச் சொல்லவில்லை. கேட்டைச் சாத்திவிட்டு நடந்துபோனாள், கிளினிக்குக்கு நேரமாகிவிட்டது.

விமான நிலையத்துக்கு மாப்பிள்ளைதான் வந்தார். அந்த நீலச் சட்டையோடுதான் ஆட்டோவில் உட்கார்ந்திருந்தார். வழி முழுக்க ஆட்டோக்காரர்தான் பாலம், மழை, ஆட்சி என்று எல்லாவற்றையும் பேசினார். உள்ளே போகிற இடத்தில் பெட்டியை என் கையில் கொடுத்தார்.

"செல்வி சாயங்காலம் போன் பண்ணுவா மச்சான், கோவிச்சுக்காதீங்க. இன்னொண்ணு. எனக்கு நல்லது பண்ணணும்னுதான் அப்படிச் சொன்னீங்கன்னு தெரியும்." சட்டைப் பொத்தானைத் திருகினார். "ஷெட்டுல இருக்கறவங்களும் அதைத்தான் சொன்னாங்க, என் நல்லதுக்குத்தான்னு. அடுத்த தடவை என்ன பாத்தீங்களோ அதைச் சொல்லுங்க."

வெட்கமாக இருந்தது. சரி மாப்பிள்ளை என்று சொல்லிவிட்டு வரிசையில் போய் நின்றேன்.